விரல் மரத்த பிறகு ரம்பம் வாங்குவது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் மூன்று பக்கக் கடிதமும் கூடவே ஐந்து படங்களும் அனுப்பியிருக்கிறார். வயது 43. மூடப்பட்ட தோட்டங்களில் பழைய லயத்து வீடுகளையும் ஸ்டோர்களையும் பிரித்து, மரத்தையும் இரும்பையும் தனித்தனியாக விற்கும் சிறு குத்தகை வேலை. கூட இரண்டு பேர். அதில் ஒருவர் அவருடைய அக்கா மகன், 22 வயது.

எட்டு மாதமாக அவருக்கு வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போகின்றன. நடுராத்திரியில் எழுந்து கையை உதறினால்தான் மறுபடி தூக்கம் வருகிறது. காலையில் சட்டைப் பொத்தான் போட மனைவி கை கொடுக்க வேண்டியிருக்கிறது. கிளினிக்கில் நரம்புக்கு வைட்டமின் மாத்திரை கொடுத்தார்களாம். கைவசம் இருப்பது 11 வருடம் உழைத்த ரெசிப்ரோ ரம்பம். சில கடைகளில் சேபர் சா என்பார்களே, பிளேடு முன்னும் பின்னும் ஓடுமே, அதுதான். புதியது வாங்க ஹார்ட்வேர் கடையில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறார்.

பெரியது 1,500 வாட், பிளேடு ஓட்டம் 32 மி.மீ., எடை 4.6 கிலோ, அதிர்வு தாங்கும் கைப்பிடி, விலை 1,350 வெள்ளி. சின்னது 1,300 வாட், ஓட்டம் 28 மி.மீ., 4 கிலோ, 780 வெள்ளி. கையேட்டில் பெரியதன் அதிர்வு 11 என்றும் சின்னதன் அதிர்வு 19 என்றும் போட்டிருப்பதாக எழுதுகிறார். கேள்விகள் இவை: எதை வாங்குவது? ஜெல் கையுறை போட்டால் சின்னதே போதுமா? இந்த மரப்பு ரம்பத்தால் வந்ததா, சர்க்கரையா? சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) ஏதாவது கிடைக்குமா? கடைசியாக, பழைய ரம்பத்தை அக்கா மகனுக்குக் கொடுத்துவிடலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் ரம்பத்தில் ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் கையில் ஆரம்பிக்கிறேன். எந்த மெஷின் வாங்கினாலும் அதைப் பிடிக்கப்போவது அந்தக் கைதான்.

இரவில் எழுப்பி, கையை உதறினால் விடும் மரப்பு, அதுவும் கட்டைவிரல் பக்கத்து மூன்று விரல்களில் வந்தால், மருத்துவர் முதலில் நினைப்பது கார்ப்பல் டனல். மணிக்கட்டில் குறுகலான ஒரு பாதை வழியாக மீடியன் நரம்பு வருகிறது. அந்தப் பாதை வீங்கினால் நரம்பு நெரிபடும். இன்னொன்றும் உண்டு. அதிர்வு நேரடியாகவே விரல்நுனி நரம்புகளையும் மெல்லிய ரத்தக் குழாய்களையும் கெடுக்கும். அதைக் கை அதிர்வு நோய் என்கிறோம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது சகஜம். அதிர்வு, இறுக்கிப் பிடிப்பது, மணிக்கட்டை மடக்கியே வைத்திருப்பது என்று இரண்டுக்கும் தீனி ஒன்றுதான்.

“இணையத்தில் படித்தேன், விரல் வெள்ளையாகுமாம். எனக்கு ஆகவில்லை, அதனால் இது அதிர்வு நோய் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத் திருத்திக்கொள்ளுங்கள். விரல் வெளுப்பது குளிர் பட்டால் ரத்தக் குழாய் சுருங்குவதால் வருவது. குளிர்நாட்டுத் தொழிலாளிகளிடம் அதுதான் முதலில் கண்ணில் படும். நம் ஊர் வெயிலில் அது அரிதாகத்தான் தெரியும். இங்கே மரப்பும் விறுவிறுப்பும் முந்திக்கொள்ளும். விரல் வெளுக்கட்டும் என்று காத்திருப்பவர் நரம்பு கெட்ட பிறகுதான் வந்து சேருவார்.

1987இல் வெளியான ஸ்டாக்ஹோம் அளவுகோலை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் நரம்புப் பாதிப்பு மூன்று படியாகப் போகிறது. விட்டுவிட்டு மரப்பது முதல் படி. தொடு உணர்வு மழுங்குவது இரண்டாவது. சின்னப் பொருளை விரலால் கையாள முடியாமல் போவது மூன்றாவது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இரவு மரப்பல்ல, அந்தப் பொத்தான். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைக் கையைப் பார்க்காமல் சொல்லக்கூடாது. ஆனாலும் இனித் தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரையா என்றால், சோதித்துவிடுங்கள். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் இன்னும் அதிகம். ஆனால் சர்க்கரையால் வரும் நரம்பு மரப்பு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் ஒன்றுபோல ஆரம்பித்து மேலே ஏறும். ரம்பம் பிடிக்கும் ஒரு கையின் இரண்டு விரலில் மட்டும் வந்து நிற்காது. அதே சமயம் சர்க்கரை உள்ளவருக்குக் கார்ப்பல் டனல் சுலபமாக வரும். ஆக “இதுவா அதுவா” என்ற கேள்விக்கு “இரண்டும்” என்பதும் ஒரு பதிலாக இருக்கலாம். வைட்டமின் மாத்திரையால் கெடுதல் இல்லை. பி12 குறைந்தவருக்கு அது மருந்து. அதிர்வால் கெட்ட நரம்பை அது மீட்டுத் தராது.

மருத்துவர் பார்க்கும்வரை அதிரும் எந்த மெஷினையும் தொடாதீர்கள். ரம்பம் மட்டுமல்ல, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஓட்டும் புல்வெட்டி மெஷினும் இதே கணக்கில்தான் வரும். மருந்துக்கடையில் கிடைக்கும் மணிக்கட்டுப் பட்டையை, மணிக்கட்டு நேராக நிற்கும்படி, இரவில் மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவது வேண்டாம். நெரிபட்ட நரம்பை மேலும் நெரிப்பதாகத்தான் அது முடியும்.

கிளினிக்கில் வெறுமனே “விரல் மரக்குது” என்று சொன்னால் மறுபடி வைட்டமின்தான் வரும். “11 வருடமாக அதிரும் ரம்பம் பிடிக்கிறேன், பொத்தான் போட முடியவில்லை” என்று சொல்லுங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, பி12 ஆகியவற்றுக்கு ரத்தச் சோதனையும், அரசு மருத்துவமனையில் நரம்புக் கடத்தல் சோதனைக்குக் கடிதமும் கேளுங்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவான ஜேகேகேபியில் பதிவு பெற்ற தொழில் சுகாதார மருத்துவர் ஈப்போவில் கிடைத்தால் இன்னும் நல்லது. கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்திருந்தாலோ மரப்பு நாள் முழுக்க விடாமல் இருந்தாலோ, அடுத்த மாதத் தேதி கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புகைப்பவராக இருந்தால் விரலின் ரத்த ஓட்டத்துக்கு அது இரண்டாவது எதிரி.

கையேட்டில் எந்த வரியைப் பார்ப்பது

உங்கள் படங்களை இரண்டு தடவை பார்த்தேன். பெரியதன் 11 என்ற எண் ‘பலகை அறுத்தல்’ என்ற வரியில் இருக்கிறது. சின்னதன் 19 ‘மர உத்திரம் அறுத்தல்’ என்ற வரியில் இருக்கிறது. இந்த வகை ரம்பத்துக்கு இரண்டு வேலையிலும் தனித்தனியாக அதிர்வை அளந்து போடுவார்கள். உத்திரத்து எண் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். ஒன்றில் பலகையையும் மற்றதில் உத்திரத்தையும் எடுத்து ஒப்பிட்டுவிட்டீர்கள். அதே படங்களில் பெரியதன் உத்திரத்து எண் 14. நீங்கள் அறுப்பது உத்திரமும் கைமரமும்தான். எனவே ஒப்பிட வேண்டியது 14ஐயும் 19ஐயும்.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘கே’ என்று போட்டு 1.5 என்றிருக்கிறதே, அது அளவீட்டின் தள்ளாட்டம். எச்சரிக்கையாகக் கணக்குப் போடுபவர் அதைக் கூட்டிக்கொள்வார்: 15.5, 20.5. எண்கள் மீட்டர்/விநாடி² என்ற அலகில் இருக்கின்றன. சோதனைக்கூடத்தில் புது பிளேடைப் போட்டுச் சுத்தமான மரத்தை அறுத்து எடுத்தவை அவை. ஆணி நிறைந்த 60 வருடத்துச் செங்கால் என்ற கடின மரத்துக் கைமரத்தில் உண்மை எண் இதற்கு மேலேதான் இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வகுத்த வரம்பு இது: எட்டு மணி நேர வேலை நாளுக்குச் சராசரியாக்கினால் 2.5ஐத் தாண்டும்போது முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. நம் ஜேகேகேபியும் 2003இல் வேலையிட அதிர்வுக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. கைக்கணக்குக்கு வசதியாக பிரிட்டனில் இதைப் புள்ளிகளாக மாற்றி வைத்திருக்கிறார்கள்: அதிர்வு எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான புள்ளி. ஒரு நாளில் 100 வந்தால் நடவடிக்கைக் கோடு, 400 வந்தால் உச்சவரம்பு.

உங்கள் இரண்டு ரம்பத்துக்கும் போட்டுப் பார்ப்போம். பெரியது மணிக்கு 480 புள்ளி. பன்னிரண்டரை நிமிடத்தில் 100ஐத் தொடும், 50 நிமிடத்தில் 400ஐ. சின்னது மணிக்கு 840. ஏழு நிமிடத்தில் 100, இருபத்தெட்டரை நிமிடத்தில் 400. எண்ணை அதே எண்ணால் பெருக்குவதால்தான் 15.5க்கும் 20.5க்கும் நடுவே இவ்வளவு தூரம்.

‘ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ரம்பம் ஓட்டுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது ரம்பம் உங்கள் பக்கத்தில் இருக்கும் நேரம். கணக்கில் சேருவது விசையை அழுத்தியிருக்கும் நேரம் மட்டும். ஒரு நாள் அக்கா மகனிடம் கைப்பேசியின் விநாடிக் கடிகாரத்தைக் கொடுத்து, மெஷின் ஓடும்போது மட்டும் ஓடவிடச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் 120 வெட்டுக்கு, பெரிய ரம்பம் வெட்டுக்கு 25 விநாடி எடுக்கிறது என்று வைத்தால் 50 நிமிடம், 400 புள்ளி. சின்னது மெதுவாக 35 விநாடி எடுத்தால் 70 நிமிடம், 980 புள்ளி.

சக்தி கூடினால் அதிர்வும் கூடுமா

கூடும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி நேர்க்கணக்கு கிடையாது. இந்த ரம்பத்தில் மோட்டாரின் சுழற்சி ஒரு தண்டை முன்னும் பின்னும் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 2,800 தடவை என்றால் விநாடிக்கு 47 தடவை அந்த எடை போய்ப் போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு திரும்பலும் கைக்கு ஒரு உதை. நல்ல மெஷினில் தண்டு முன்னே போகும்போது அதே அளவு எடை ஒன்று பின்னே போகும். எதிர் எடை என்பது அதுதான். அதோடு பின்கைப்பிடியை உடலோடு இறுக்கி வைக்காமல் ரப்பரிலோ ஸ்பிரிங்கிலோ உட்கார வைப்பார்கள். இந்த இரண்டும் உள்ள 1,500 வாட் ரம்பம், இரண்டும் இல்லாத 1,000 வாட் ரம்பத்தைவிடக் குறைவாக அதிரலாம். அதோடு சக்தியுள்ளது வெட்டைச் சீக்கிரம் முடிக்கிறது. கைக்கு அதுவும் லாபம்.

எடை கூடினால் அதிர்வு குறையும் என்கிறீர்கள். அதில் பாதி சரி. கனமான மெஷின் அதிர்வைக் கொஞ்சம் தானே விழுங்கும். ஆனால் தலைக்கு மேலே கூரைக் கைமரத்தை அறுக்கும்போது 4.6 கிலோவும் பிளேடும் கேபிளும் தோளில் இறங்கும். தோள் தளர்ந்தால் பிடி இறுகும், பிடி இறுகினால் அதிர்வு கைக்குள் அதிகமாக ஏறும். சாரம் கட்டி, அறுக்கும் இடம் நெஞ்சு உயரத்துக்கு வரும்படி நின்றால் பெரியதன் எடை உங்களுக்குச் சாதகம். ஏணியில் நின்று ஒரு கையால் அறுப்பதாக இருந்தால் எந்த மெஷினும் சாதகமில்லை. அந்தப் பழக்கத்தை விடுங்கள்.

பேட்டரி ரம்பம் அதிர்வு குறைவு என்பது பொதுவிதி அல்ல, அதன் கையேட்டையும் இதே மாதிரி படிக்க வேண்டும். மூடிய தோட்டத்தில் கரண்ட் இருக்காது, ஜெனரேட்டர்தான். 1,500 வாட் ரம்பத்துக்குக் குறைந்தது 3 கேவிஏ வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஜெனரேட்டரில் மோட்டார் திணறும், வெட்டு நீளும், நான் மேலே போட்ட கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

ஜெல் கையுறை

வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதை நம்பிச் சின்ன ரம்பத்தை வாங்காதீர்கள் என்கிறேன். அதிர்வு எதிர்ப்புக் கையுறை தடுப்பது வேகமான, நுண்ணிய அதிர்வை. கிரைண்டர் போல விநாடிக்கு நூற்றுக்கணக்கில் அதிர்பவை. உங்கள் ரம்பம் விநாடிக்கு 47. அந்த வேகத்தில் ஜெல் அதிர்வை ஏறக்குறைய அப்படியே கடத்திவிடும். தடிப்பான கையுறை போட்டால் பிடி நழுவும் என்று விரல்கள் தாமாகவே இன்னும் இறுக்கும், அது வேறு நஷ்டம். கையை உலர்வாகவும் வெதுவெதுப்பாகவும் வைக்க, வெட்டுக்காயம் தடுக்க, ரப்பர் பூசிய சாதாரண வேலைக் கையுறை போதும். மழைநாளில் நனைந்த கையுறையை மாற்ற ஒரு ஜோடி கூடுதலாக வைத்திருங்கள்.

மெஷினைவிட பிளேடும் பாதமும்

கையேட்டு எண்ணைவிடவும் கைக்குப் பெரிய வித்தியாசம் தருவது இது. ஏனோ கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

ரம்பத்தின் முன்னால் பிளேடு வெளிவரும் இடத்தில் ஒரு இரும்புப் பாதம் இருக்கிறது. அது மரத்தில் அழுந்தி உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பிளேடு பின்னே இழுக்கும்போது மரத்தை அறுப்பதற்குப் பதிலாக மெஷினை மரத்தின்மேல் இழுத்து மோதும். விநாடிக்கு 47 மோதல். பாதத்தை முதலில் மரத்தில் ஒட்டி வைத்து, அதற்குப் பிறகு விசையை அழுத்துங்கள். மெதுவாக ஆரம்பித்து வேகம் ஏற்றுங்கள். அனுப்பிய மூன்றாவது படத்தில் உங்கள் பழைய ரம்பத்தில் பாதமே இல்லை. எட்டு மாத மரப்புக்கு அந்தப் படம் ஒரு பகுதி விளக்கம்.

பிளேடின் நீளமும் முக்கியம். ஓட்டத்தின் கடைசியில் பிளேடு பின்வாங்கி நிற்கும்போதும் அதன் நுனி மரத்தின் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் அடுத்த தள்ளலில் நுனி மரத்தைக் குத்தும். பிளேடு வளையும், அந்த அடி மணிக்கட்டுக்கு நேரே வரும். 100 மி.மீ. கைமரத்துக்கு மரம் 100, ஓட்டம் 32, பாதத்தருகே வீணாகும் 25, மேலே கொஞ்சம் என்று கூட்டினால் 225 மி.மீ. பிளேடு சரி. அதற்காக 300 மி.மீ. வாங்கிப் போடாதீர்கள், நீளமானது சாட்டைபோல் ஆடும். இரண்டங்குலக் குழாய்க்கு 150 மி.மீ. போதும்.

ஆணி உள்ள மரத்துக்கு அங்குலத்துக்கு 6 பல், தடிப்பான பைமெட்டல் இடிப்பு பிளேடு. குழாய்க்கு 14 முதல் 18. இரும்பின் கனத்துக்குள் எப்போதும் குறைந்தது இரண்டு பல்லாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பல் விளிம்பில் கொக்கி போட்டு இழுக்கும். பிளேடு நீள்வட்டமாக ஓடும் ஆர்பிட்டல் அமைப்பு இருந்தால், ஆணியில்லாத மரத்துக்கு மட்டும் போடுங்கள். ஆணியிலும் இரும்பிலும் அது அதிர்வைக் கூட்டுவதோடு பல்லையும் உடைக்கும்.

பிளேடை எப்போது மாற்றுவது? முதல் பத்து வெட்டுக்கு 25 விநாடி எடுத்தது 40 விநாடிக்குப் போய்விட்டதா, கழற்றிவிடுங்கள். ஒரு பிளேடில் மிச்சம் பிடிக்கும் சில வெள்ளிக்கு நரம்பு விலை கொடுக்கிறது.

ஒரு நாளைக்கு 120 வெட்டு வேண்டுமா என்றும் யோசியுங்கள். கைமரத்தை நடுவில் அறுக்காமல், மூட்டில் கடப்பாரையால் இடைவெளி விட்டு, நுழையும் இரும்பு பிளேடால் ஆணிகளை மட்டும் அறுத்தால் வெட்டு சில விநாடியில் முடியும். மரமும் முழு நீளத்தில் கிடைக்கும். முழு நீளச் செங்காலுக்கு நல்ல விலை உண்டு. துருப்பிடித்த குழாயை இணைப்பில் பைப் ரெஞ்சால் திருகிப் பாருங்கள். பெரிய வெட்டு 60க்கு இறங்கினால் பெரிய ரம்பத்தில் 25 நிமிடம், 200 புள்ளி. அதை இருவர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 100. இதில் உங்கள் பங்கு இப்போதைக்குப் பூஜ்யம். மருத்துவர் திரும்ப அனுமதித்தால் பிறகு பார்ப்போம்.

இடையில் ஒன்று. படத்தில் தெரியும் பழைய ஸ்டோரின் நெளிவுக் கூரை சிமெண்டு ஷீட் போல இருக்கிறது. அந்தக் காலத்து ஷீட் என்றால் அஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ரம்பமோ கிரைண்டரோ அதன்மேல் படக்கூடாது, உடைக்கவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் பல ஆண்டுகள் கழித்துத்தான் கணக்குக் கேட்கும். அதைப் பிரிக்க உரிய நிறுவனத்தைக் கூப்பிடும்படி குத்தகை கொடுத்தவரிடம் கேளுங்கள். குத்தகை பேசும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கடையில் என்ன பார்ப்பது

என் தீர்ப்பு பெரியதுக்குத்தான். பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். உங்கள் லயத்து மரத்துண்டு ஒன்றை, ஆணியோடு, கடைக்கு எடுத்துப்போங்கள். வெறுமனே ஓடவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. சும்மா ஓடும்போது அமைதியாக இருக்கும் மெஷின் மரத்தில் பட்டதும் குணம் மாறும். அறுத்துக் காட்ட மறுத்தால் வேறு கடை. பின்கைப்பிடியைப் பிடித்து மெஷினை லேசாக ஆட்டினால் கைப்பிடி தனியாகக் கொஞ்சம் அசைய வேண்டும். ‘அதிர்வு தாங்கும்’ என்று பெட்டியில் மட்டும் எழுதி, உள்ளே ரப்பர் தோல் ஒட்டியதும் உண்டு. முன்பிடியில் ரப்பர் உறை தடிப்பாக இருக்கிறதா, வேலைக் கையுறையோடு விரல் முழுக்கச் சுற்றிப் பிடிக்க முடிகிறதா, பாதத்தை நீட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, பிளேடு மாட்டிய மெஷினை நெஞ்சு உயரத்தில் ஒரு நிமிடம் பிடித்து நில்லுங்கள். இந்தச் சோதனையை அக்கா மகனைச் செய்யச் சொல்லுங்கள். இனி ஓட்டப்போவது அவர்தான்.

சொக்சோவும் சட்டமும்

இங்கே நீங்கள் இரண்டு வேடத்தில் இருக்கிறீர்கள். இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுப்பதால் நீங்கள் முதலாளி. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் திருத்தத்தோடு நடப்பில் இருக்கிறது. வேலையின் அபாயத்தை மதிப்பிட்டுக் குறைப்பது முதலாளியின் கடமை. இரண்டே ஆள்தானே என்பது விலக்கு ஆகாது. மேலே சொன்ன விநாடிக் கணக்கை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாலே மதிப்பீட்டின் பெரும்பகுதி ஆயிற்று. அவர்கள் இருவரையும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் பதிந்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. ‘சொந்தக்காரப் பையன்தானே’ என்று விட்டிருந்தால் இந்த வாரமே போய்ப் பதிந்துவிடுங்கள். அதிர்வால் வரும் தசை, மூட்டு, நரம்பு, ரத்தக் குழாய்க் கோளாறுகள் அந்தச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. தொழிலாளிக்குத் தொழில் நோய் என்று தெரிந்தால் 2004ஆம் ஆண்டு விதிப்படி ஏழு நாளுக்குள் ஜேகேகேபிக்கு அறிக்கை போக வேண்டும்.

உங்களுக்கு நீங்களே முதலாளி என்பதால் பொருந்துவது சுயதொழில் செய்பவர்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம். சந்தா கட்டியிருந்தால் கோரிக்கை வைக்கலாம். கட்டவில்லை என்றால், எட்டு மாதமாக இருக்கும் நோய்க்கு இன்று பதிந்து நாளை கேட்க முடியாது. அந்த எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள். ஆனாலும் இனி வருவதற்காகப் பதியுங்கள். எப்படியானாலும் ரம்பத்தின் ரசீதுகள், குத்தகைத் தாள்கள், கிளினிக் அட்டை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். எத்தனை வருடம், எந்த மெஷின், நாளைக்கு எவ்வளவு நேரம் என்று ஒரு பக்கம் எழுதி மேலே வையுங்கள். சொக்சோ மருத்துவக் குழுவும் முதலில் கேட்பது இதைத்தான், உங்களைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கும் அது உதவும்.

பழைய ரம்பம் பற்றிக் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கவ்வியில் லொடலொடப்பு இருந்தால் தண்டைத் தாங்கும் உள்வளையம் (புஷ்) தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பாதமும் இல்லை, முன்பிடி ரப்பரும் படத்தில் கிழிந்து தொங்குகிறது. அந்த மெஷினின் உண்மையான அதிர்வு எந்தக் கையேட்டிலும் இல்லாத எண். அதை அக்கா மகனிடம் கொடுக்காதீர்கள். கேபிளை அடியோடு வெட்டிவிட்டு, பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுங்கள்.